எத்தனை கிராம்

நகரசபை மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம்.
"பெரிய இதயம் படைத்தவர் எங்கள் டொக்டர் மரியநாயகி"
என்றார் முதற் பேச்சாளர்.
கடைசி வரிசையில் எனக்குச் சிரிப்பு முட்டியது.

எங்கள் அறையில், மேடம்,
பெரிய இதயம் என்றால் வியாதி.
கையுறையைக் கழற்றாமலே கேட்பீர்கள்:
"எத்தனை கிராம், சஹாப்தீன்?"
நானூற்றிருபது என்பேன்.
"பாவம், எவ்வளவு சுமந்திருக்கு" என்பீர்கள்,
மூட்டை இறக்கியவனின் முதுகைத் தடவுகிற குரலில்.

கரண்ட் போன நாட்களில்
நுணுக்குக்காட்டியை யன்னலோரம் இழுத்து,
துறைமுகத்து வெயிலைக் கண்ணாடியில் பிடித்து
வில்லைக்குள் ஏற்றுவோம்.
இளஞ்சிவப்பாய் வரிவரியாய்த் தசை. நடுவே
வெளிறிய ஒரு திட்டு.
நிலாவெளி உப்பளம் மாதிரி என்பேன்.
"பழைய அடைப்பு.
நெஞ்செரிவென்று சோடா குடித்திருப்பார்."

சல்லியிலிருந்து வந்தவளுக்குப் பத்தொன்பது வயது.
இடப்பக்க வால்வு தடித்துக் குறுகி
மீன்வாய்போல்.
புத்தகத்திலும் அதற்கு அதுதான் பெயர்.
மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதை எப்படி எழுதுவது?
அன்று நீங்கள் தேநீர் குடிக்கவில்லை.
"இது நெஞ்சில் தொடங்கினதில்லை.
எட்டு வயதில் ஒரு தொண்டை நோவு.
போடாமல் விட்ட பென்சிலின்."

அடுத்த புதன்கிழமையிலிருந்து
பிணவறை டொக்டர் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்.
"ஆ காட்டு" என்று
உயிருள்ள வாய்களுக்குள் டோர்ச் அடித்தார்.
அதிபர்மார் பயந்தார்கள்.
நான் பின்னால் பஞ்சுக்குச்சிப் பெட்டியோடு.
பதினொரு வருடம், புதன்கிழமைகள்.

மூதூர்த் தாய்
கிரகணம் பார்த்தாளாம்.
அதனால்தான் குழந்தையின் இதயத்தில் ஓட்டையாம்.
மாமியார் சொன்னது.
பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் படம் கீறினீர்கள்:
"இந்தச் சுவர் எட்டாம் கிழமையே கட்டி முடிகிறது, பிள்ளை.
கிரகணம் வந்தது ஏழாம் மாதம்.
முடிந்த வீட்டில் அது எந்தச் சுவரை இடிக்கும்?"
அவள் அந்தத் துண்டைத்
தாயத்துப்போல முந்தானையில் முடிந்தாள்.

ஆஸ்பத்திரி வளவில் செத்துக்கிடந்த மானையும்
ஒருநாள் திறந்தோம்.
வயிறு நிறையப் பொலித்தீன்.
இதயத்தைத் தனியே எடுத்துக் கழுவி
"இதில் ஒரு பிழையும் இல்லை" என்றீர்கள்,
அதனிடமே மன்னிப்புக் கேட்பதுபோல.

ஐந்தாம் பேச்சாளரும் அதே பெரிய இதயம்.

உவர்மலை வீட்டில், உறக்கத்தில் போனீர்கள்.
உங்களை யாரும் திறக்கவில்லை.
பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமை.
இருநூற்றைம்பது இருந்திருக்கும், மேடம்.
அளவானது.
அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும்.

வெளியே, மதிலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியை
ஓரத்திலிருந்து உரித்துத்
தின்றுகொண்டிருந்தது ஒரு மான்.
உங்கள் பெயரில் பாதி போய்விட்டது.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
கடதாசிதான், பொலித்தீன் இல்லை.
விரட்டவில்லை.