பன்னிரண்டு சூடுகள்

தராசுக்கு என் எடை வேண்டும்.
ஆனால் நான் இருக்கையில் ஏறிவிட்டால்
ஸ்பிரிங் வளையத்தைத் திருப்ப இன்னொரு கை இல்லை.
எனக்குப் பதிலாக ஒரு சீமெந்து மூட்டை,
அதன்மேல் கட்டாக் கருவாடு எட்டுக் கிலோ.
"ஐம்பத்தெட்டு. சரிதானே மிஸ்?" என்றான் நௌபர்.
நான் ஐம்பத்தொன்பது.
சொல்லவில்லை.

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசு,
வாடியில் இரவல் வாங்கியவை,
செதில் காய்ந்து ஒட்டியபடி.
விடிய நாலு மணிக்குப் படகு வருமுன்
திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.
முன் இடமும் பின் வலமும் சேர்ந்தால்
சரிபாதி வரவேண்டும்.
வந்தது ஐம்பத்திரண்டரை வீதம்.
ஒரு மூலையைத் தூக்கினால்
எதிர்மூலையும் கனக்கிறது,
மற்ற இரண்டும் பிணக்குப்பட்டவர்களைப்போல
காலைத் தூக்கிக்கொள்கின்றன.
அரைச் சுற்று. கால் சுற்று. திரும்பவும் அரை.
கிண்ணியாவில் கடைசித் தேநீர்க்கடையும் சாத்தியாயிற்று.

காரின் இரு பக்கமும் தங்கூசி இழுத்துக் கட்டினோம்,
நுனியில் ஈயக்குண்டு.
முப்பது வருஷத்து மஸ்டா,
கதவின் அடியில் உப்புக்காற்று தின்ற துளைகள்.
தங்கூசிக்கும் விளிம்புக்கும் நடுவே
இரும்பு அடிமட்டத்தை வைத்து
ஒரு மில்லிமீட்டருக்காகச் சண்டை பிடித்தோம்.

பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
தோளைக் கொஞ்சம் உள்ளே விடுங்கோ,
அசையாதேங்கோ,
மூச்சைப் பிடியுங்கோ.
இரவில் சக்கரத்துக்கும் அதையேதான் சொல்கிறேன்:
தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்,
இரண்டரைப் பாகை,
அசையாதே.

பிறகு கழற்றினோம்.
கம்பளம், ரேடியோ, ஜாக்கி,
ஸ்பெயார் சக்கரம் பதினான்கு கிலோ.
அதைத் தன் கடை மூலையில் உருட்டிவிட்டு
"இனிப் பறக்கும்" என்றான்.

ஞாயிறு. ஆடி மாதக் கச்சான்
பழைய ஓடுபாதையைச் சட்டிபோல் காய்ச்சிக்கொண்டிருந்தது.
தார்ப்பீப்பாய் வைத்து வளைத்த ஏழு வளைவுகள்.
மட்டக்களப்பு வக்கீல் ஒருவரின் ஸ்டார்லெட்,
தம்புள்ளையில் வெங்காய மொத்த வியாபாரியின்
விலை சொல்லக்கூடாத நீலக் கார்,
கடைசியில் நாங்கள்.

ஐந்து சுற்று முடிந்து வந்து நின்றதும்
நௌபர் ஊசியோடு குந்தினான்.
கன்னியாவில் கிணறு ஏழு, சூடும் ஏழு.
எனக்கு டயர் நாலுதான், சூடு பன்னிரண்டு:
உள், நடு, வெளி என்று ஒவ்வொன்றிலும் மூன்று.
முன் இடது வெளியோரம் தொண்ணூற்றிமூன்று.
"இந்தத் தோள்லதான் முழுப் பாரமும் விழுகுது மிஸ்."
சாய்வில் இன்னும் அரைப் பாகை,
காற்றில் இரண்டு இறாத்தல் குறைவு.

எண்ணெய்த் தாங்கிகள் தெரிகிற நாலாம் வளைவு.
காலையில் அதில் மூக்கு வெளியே ஓடியது,
திருப்பத் திருப்பக் கேளாத மாடு.
இப்போது பிரேக்கை விட்டேன், திருப்பினேன்,
அதற்குமேல் என்ன செய்தேன் என்று தெரியாது.
நாலு டயரும் ஒரே சொல்லைச் சொன்னதுபோல் இருந்தது.
வளைவு முடிந்து நேர்ப்பாதையில்தான்
மூச்சு விடவில்லை என்பதே நினைவு வந்தது.
ஒன்றரைச் செக்கன் குறைவு.
வெங்காயக்காரர் எட்டுச் செக்கன் முன்னே.

வீடு திரும்பும்போது ஐந்தாம் கட்டையில்
ஓர் ஆணி.
ஸ்பெயார் இல்லை. ஜாக்கி இல்லை.
அந்தப் பதினான்கு கிலோவையும்
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு
நௌபர் வர முக்கால் மணித்தியாலம்.
அதற்குள் தெருநாய் ஒன்று வந்து
திறந்திருந்த கதவுக்குள் தலையை விட்டு
என் இருக்கையை முகர்ந்தது,
போனது, திரும்பி வந்து முகர்ந்தது.

சக்கரம் பூட்டுகையில் சொல்லிவிட்டேன்:
நான் ஐம்பத்தொன்பது.
நட்டை இறுக்கியபடி அவன்,
"தெரியும் மிஸ். கருவாடு ஒம்பது கிலோ வெச்சன்."

நாய் இன்னும் போகவில்லை.
நாளை ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி.