மஞ்சள் நாடா

ஏழு மணி மாத்திரைக்கும்
ஏழே முக்காலுக்கும் நடுவில்
கட்டிலில் கிடப்பவள் யாரென்று தெரியவில்லை.
புரள நினைக்கிறாள்.
நினைப்பு மட்டும் புரண்டு படுக்கிறது.

கீழே வால்பராய்சோ துறைமுகத்தில்
ஏதோ ஒரு கப்பல் ஊதுகிறது.
முப்பத்தோரு வருடம் அங்கே சுங்க அலுவலகத்தில்
முத்திரை குத்தினேன், நாளுக்கு நானூறு.
இதே வலது கை.
இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது போர்வைமேல்,
காகிதமில்லை, சரக்குமில்லை.

எவுலோகியோ தேநீர் கொண்டுவருகிறான்.
அரைக் கோப்பை.
முழுக் கோப்பை கண்டு மூன்று வருடமாகிறது.
"கோபமா?" என்கிறான்.
இல்லையப்பா, முகம் இன்னும் எழுந்திருக்கவில்லை.
இப்போதெல்லாம்
சிரித்தால் சொல்லிவிடுகிறேன்:
"சிரிச்சுட்டேன், பார்த்துக்கோ."

வங்கியில் என் கையெழுத்து எனக்கு ஒத்துப்போகவில்லை.
இஸ்மேனியா என்று பெரிதாய்த் தொடங்கி
ஓயார்சுன் முடிவதற்குள் எறும்பாகிவிடுகிறது.
கவுண்டர்ப் பையன் உதட்டைப் பிதுக்கினான்.
அவனைக் குறை சொல்லமாட்டேன்.
இப்படியொரு கையெழுத்தோடு வந்திருந்தால்
அந்தச் சரக்கை
நானும்தான் நிறுத்திவைத்திருப்பேன்.

தெருவிலிருந்து வீட்டுக்கு நூற்றுப் பதினேழு படி.
படியில் எனக்கொரு குறையுமில்லை.
ஒவ்வொன்றும் "இங்கே வை" என்கிறது.
வைக்கிறேன்.
பக்கத்து வீட்டு தெல்மிரா அதைப் பார்த்துவிட்டு
நோயாவது ஒன்றாவது, எல்லாம் நடிப்பு என்று
ரொட்டிக் கடையில் சொன்னாளாம்.

நூற்றுப் பதினேழும் ஏறிவந்து
என் வீட்டு வாசலில் நிற்பேன்.
நிலைவாசல் என்று யார் பெயர் வைத்தார்களோ,
நிற்கிறேன்.
கதவு திறந்திருக்கிறது. தரை சமதளம்.
பாதம் பசைபோட்டு ஒட்டியிருக்கிறது.
அன்றைக்கு உள்ளே அவரை கருகியது.
வாசனை எனக்கு எப்போதோ போய்விட்டது,
நோய்க்கு ஆறு வருடம் முந்தியே,
சளி என்றார்கள்.
புகையைக் கண்ணால்தான் பார்த்தேன்.
கூப்பிட்டேன்.
குரல் சட்டையின் முதல் பொத்தானைத் தாண்டவில்லை.

மறுநாள் எவுலோகியோ
சரக்குப் பெட்டிக்கு ஒட்டும் மஞ்சள் நாடா வாங்கிவந்தான்.
முழங்கால் வலியோடு மண்டியிட்டு
அளவுகோல் வைத்து
வாசலுக்குக் குறுக்கே ஏழு கோடு.
ஏழாவது கொஞ்சம் கோணல்.
படிக்கட்டைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது.
கால் அதை நம்பிவிட்டது.
ஒன்று, இரண்டு, மூன்று,
அடுப்புவரை போய்விட்டேன்.

எல்லா நாளும் நம்புவதில்லை.
நான்கு மணிக்கு மேல் அது வெறும் நாடா.

நேற்று தெல்மிரா எலுமிச்சை கேட்டு வந்தாள்.
கோட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்,
ஒரு கால் தூக்கியபடி,
பெயிண்ட் காயவில்லையோ, எல்லையோ, என்னவோ என்று.
"மிதிக்கலாமா?"

அந்த வாசலில் இன்னொருத்தி நிற்பதை
முதல்முறையாகப் பார்க்கிறேன்.
பதில் சொல்ல
அவசரப்படவில்லை.

"மிதிக்கத்தான் ஒட்டியிருக்கு," என்றேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொன்னேன்.