தேசிங்கு என்று தேடவும்

பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன்.
டிசைன் என்கிறீர்களா என்று கேட்டது தளம்.
இல்லை, தேசிங்கு.
ஊத்துக்கோட்டை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு.
பதினோரு வருடம் சத்தியவேட்டுப் பக்கம்
வார்ப்பிரும்பு பம்பு உறைகளைத் தட்டிப் பார்த்து
விரிசலைச் சத்தத்திலேயே சொன்னவன்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை அந்தப் பக்கத்தில்.
'தர ஆய்வு' என்று போட்டேன்.

படத்துக்கு வெள்ளைச் சுவர் தேடினாள் கோமளா.
வீட்டில் இருந்த ஒரே வெள்ளை
ஃபிரிட்ஜின் கதவு.
காந்தத்தில் ஒட்டியிருந்த பால் கணக்கை எடுத்துவிட்டு
அதன்முன் நின்றேன்.
இடுப்புக்குக் கீழே லுங்கி.
பரவாயில்லை, நெஞ்சுவரைதான் கேட்கிறார்கள்.

முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடலாமாம்,
வேலை தேடுகிறேன் என்று ஊருக்குத் தெரிய.
மூன்று நாள் யோசித்தேன்.
டீக்கடையில்கூட
ஷிஃப்ட் மாறிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தேன்.
நான்காம் நாள் போட்டேன்.

இரவில் சிக்னல் ஆரணி ஆற்றைத் தாண்டிப்போய்
ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும்.
தெலுங்கு தெரியுமா என்று கேட்கும் வேலைகள்.
தெரியும்.
திட்டவும் திட்டு வாங்கவும்
கல்யாணத்துக்குக் கூப்பிடவும் தெரியும்.
எழுதத் தெரியாது.
எதை டிக் செய்வது?

பெங்களூரில் லோகோ வரைய ஆள் வேண்டும்.
ஹைதராபாத்தில் சுடிதாருக்குக் கழுத்து வெட்ட.
எல்லாம் டிசைனுக்கு வந்தவை.

வேலையில் ஏழு மாத இடைவெளி, காரணம் எழுதுக.
அக்கரையில் சுருட்டப்பள்ளியில்
நஞ்சு குடித்த சிவன் படுத்தே இருக்கிறார்,
அவரை யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும் பதில் சொல்ல
தலையை மடியில் தாங்கி அம்மன் இருக்கிறாள்.
'குடும்பக் காரணம்' என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்த கோமளா, 'நானா காரணம்?' என்றாள்.
அழித்தேன்.

இந்த வாரம் உங்களைப் பார்த்தவர்கள்: நால்வர்.
இருவர் பெயரை மறைத்திருந்தார்கள்.
ஒருவன் சுப்பாராயுடு, என் ஷிஃப்டுக்காரன்.
என் பொறுமைக்குச் சான்று சொல்லியிருந்தான்,
போன பொங்கலுக்கு நான் காலரைப் பிடித்து உலுக்கியவன்.
நான்காவது, பத்மஜா மேடம்.
எனக்குக் கடிதம் கொடுத்த எச்.ஆர்.
அவர் முகத்தைச் சுற்றியும்
பச்சை வளையம்.

பன்னிரண்டு மணிக்கு அவரிடமிருந்து செய்தி.
'எனக்காக ரெண்டு வரி பரிந்துரை எழுத முடியுமா?
அன்னைக்குக் கடிதம் கொடுத்த நூத்திப்பதினாலு பேர்ல
தொடர்புல இருக்கறது நீங்க மட்டும்தான்.'

கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது விசிறி.
அந்த அறையில் இருந்தது ஒரே மேசைவிசிறி.
உறையை நீட்டுமுன் அதை என் பக்கம் திருப்பினார்.
காகிதமெல்லாம் பறந்தது.
ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி
மறு கையால் காட்டினார்,
எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று.

இதைத் தளத்தின் பாஷையில் எப்படிச் சொல்ல?
'பணியாளர் நலனில் அக்கறை கொண்டவர்'
என்று அதுவே முந்திக்கொண்டு நீட்டியது.
வேண்டாமென்று தள்ளிவிட்டு எழுதினேன்:
வியர்த்தால் விசிறியை நம் பக்கம் திருப்புவார்.

காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.
பழக்கத்தில் எழுந்து போனை எடுத்தேன்.
அவரும் எனக்கு எழுதியிருந்தார்,
எழுத்துப்பிழையோடு, தமிழில்:
'கையெழுத்து போட்டதும் மேசையை தட்டி பார்த்தார்.
ஒரு கால் ஆடுது மேடம் என்றார்.
அட்டையை மடித்து அடியில் சொருகி விட்டு போனார்.
இன்னும் ஆடவில்லை.'

நான் அப்படிச் செய்தேனா, நினைவில்லை.

அதற்குக் கீழே தளம்:
காலை வணக்கம் டிசைன்,
உங்களுக்குப் பொருத்தமாக ஒன்பது வேலைகள்.
ஒவ்வொன்றாகத் தட்டினேன்,
காதைக் கொஞ்சம் சாய்த்து.