கோட்டுப் பையில் ஒரு துண்டு

பீலில் இருந்து வந்த பார்சலில்
சொக்கிலேற்றுக்கும் ஷாம்புவுக்கும் அடியில்
றெக்சன் போட்டுக் கழித்த குளிர்க்கோட்டு.
விடியப்புறம் மூன்று மணிக்கு
வள்ளம் ஏறுகிற அத்தானுக்கு உதவுமாம்.

தோய்க்க முதல் பைகளைத் துழாவுவேன்.
இந்த வீட்டில் மீன் விற்ற காசு
எத்தனை தரம் சவர்க்காரத்தில் ஊறியிருக்கிறது.

உள்பையில் ஒரு கடைத்துண்டு,
நாக்குப் போல நீளம், மை மங்கல்.
அதற்குள் மடிந்து இன்னொன்று.

பாஷை தெரியாது. இலக்கம் தெரியும்.
டிலானியின் போனை மேலே பிடித்து
ஒவ்வொரு வரியாய்க் கேட்டேன்.

பாண், நேற்றையது, அரைவிலை: ஒன்று நாற்பத்தைந்து.
முன்னூற்றெழுபதால் பெருக்கினேன்.
அந்தப் பழைய பாண் ஒன்றின் காசுக்கு
குருநகர்ப் பேக்கரியில் சூட்டோடு
நாலு றாத்தல் தருவான், கொஞ்சம் கதைத்தால்.
முட்டை ஆறு. வெங்காயம்.
அரிசி ஐந்து கிலோ, அக்ஸியோன்.
அக்ஸியோன் என்றால் மலிவு. அவன்தான் சொன்னவன்,
ஏதோ பெருநாள் வருகிற மாதிரி.
தண்ணி கொதிக்கிற கேத்தில்: இருபத்தொன்பது தொண்ணூறு.
குப்பைப் பை பத்து: பத்தொன்பது பிராங்.

அதிலே நின்றுவிட்டேன்.
போன் பிழையாய்ச் சொல்லுதோ என்று
திரும்பவும் பிடித்தேன்.
ஏழாயிரம் ரூபாய்.
குப்பை போடுகிற பைக்கு.
எறிகிறதுக்கும் காசு கட்டுகிற ஊரில்
வெங்காயத் தோலை என்ன செய்வான் இவன்?

இறைச்சி இல்லை. மீன் இல்லை.
தேதி நவம்பர் பதினைந்து, சனி.
அடுத்த நாள், பூசை முடிந்து நான் வர,
வீடியோவில் வயிற்றைத் தட்டிக் காட்டினான்:
"ஆட்டிறைச்சி அக்கா, மூச்சு விடேலாது."

மற்றத் துண்டு பஸ்ஸில் குடுத்தது.
சீட்டில்லாமல் ஏறினதுக்கு
நூறு பிராங் தண்டம்.
நவம்பர் பதினெட்டு, காலை ஐந்து ஐம்பது.

என் போனில் அந்தத் தேதிக்கு ஏறிப் போனேன்.
நாற்பத்தேழு செக்கன், என் குரல்:
"சீமெந்துத் தறை பார்வையில்லைத் தம்பி,
மாபிள் போடுவம், இங்கை எல்லாரும் போடுகினம்,
ஒரு ஐம்பதினாயிரம் கூட்டி அனுப்பினியெண்டால்…"
அவன் பதிலில் கட்டைவிரல் ஒன்று.
அன்று பின்னேரமே காசு வந்தது.

இப்போது அந்த மாபிளில்தான் நிற்கிறேன்.
உச்சி வெயிலிலும் கால் குளிர்கிறது.

கோட்டைத் தோய்த்து
வலை காயப்போடுகிற கம்பியில் விரித்தேன்.
கை இரண்டையும் நீட்டிக்கொண்டு
இரண்டு நாள் கிடந்தது, காயவேயில்லை.

மூன்றாம் நாள் அவனே எடுத்தான்.
"அக்கா, கோட்டுப் பையுக்கை
ஒரு துண்டு கிடந்ததோ?"
"என்ன துண்டு?"
"கேத்தில் பழுதாப் போச்சு.
ரெண்டு வருசம் வாறண்டி.
படம் எடுத்து அனுப்பு, படம் காணுமாம்."
பின்னால் ஆரோ கதவு தட்டுகிற சத்தம்.
"உடுப்புத் தோய்க்கிற முறை வந்திட்டுது,
விட்டால் இனி ரெண்டு கிழமை" என்று வைத்தான்.

துண்டைத் தறையில் வைத்து மடித்தேன்.
பாணை உள்ளே, பையை உள்ளே,
முட்டையையும் உள்ளே.
கேத்தில் மட்டும் வெளியே.
ஒரு படம்.

"முழுசா வேணும் அக்கா.
கடைப் பேர் மேலை, தேதி கீழை."

தண்டத் துண்டை அரிசிப் பேணிக்குள் போட்டேன்.
அது எனக்கு வரவில்லை, நான் காணவில்லை.
மற்றதை விரித்து, சுருண்ட நுனிகளில்
இரண்டு பெருவிரலும் ஊன்றி,
டிலானியை எடுக்கச் சொன்னேன்.

இரண்டு சரி அடையாளமும் நீலமாயின.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது. திரும்பக் காட்டியது.
ஐஸ் கொம்பனி லொறி ஒன்று
வீதி முழுக்கத் தண்ணி சிந்திக்கொண்டு போனது.
நான் "சாப்பிட்டியா" என்று அடித்து
அழித்தேன்.

வந்தது:
"தாங்ஸ் அக்கா.
மாபிள் நல்ல வடிவாக் கிடக்கு."