கிளினிக் கொப்பி

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு
எத்தனை வளைவு என்றால் எனக்குத் தெரியாது.
எத்தனை கக்கூஸ் என்று கேளுங்கள்.

டிக்கோயாவில் ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் பின்னால்.
நோர்வூட்டில் சில்லறைக் கடைக்காரரிடம் சாவி,
இருபது ரூபாய்.
எனக்கு மட்டும் கணக்கு, மாசக் கடைசியில்.
அதற்கப்புறம் தேயிலைதான்.
கொழுந்து ஆய ஆளில்லாத மலையாகப் பார்த்து
நானே மணியடித்து இறங்கியிருக்கிறேன்.
திரும்பி ஏறியபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அத்தனை பேரும் ஜன்னலில்
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மழை இல்லை.

பத்தொன்பது வருசம் பீடி குடித்தவன்.
ஒரு நாள் வயிறு கடுத்தது கிடையாது.
மகள் டிலோஜினி என் சட்டையை முகர்ந்துவிட்டு
மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.
தைப்பொங்கலன்று விட்டேன்.
சித்திரையில் இரத்தம்.

கண்டியில் ட்யூப் விட்டுப் பார்த்த டொக்டர் அம்மா
பெருங்குடலின் கடைசி முழம் முழுக்கப் புண் என்றார்.
"எப்ப விட்டீங்க?" என்றார்,
நான் பீடியைப் பற்றி வாய் திறக்குமுன்பே.
சிலருக்கு இப்படித்தானாம்.
புகை இருக்கும்வரை அடங்கிக் கிடப்பது
விட்ட பிறகு பொங்குமாம்.
"ஏன்?"
"சரியா யாருக்கும் தெரியாது."
அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"அப்ப திரும்பக் குடிக்கவா?"
பேனாவை மூடி வைத்தார்.
"குடலை மீட்க நெஞ்சை அடகு வைப்பீங்களா?"

வெளியே வாங்கில் வெலிமடை நவ்ஷாத்.
அவருடையது வேறு பெயர் வியாதி, சிறுகுடலில்.
ஒவ்வொரு சிகரெட்டும் அவருக்கு ஒரு பிளேடு.
இரண்டு தரம் வெட்டித் தைத்தாயிற்று.
என் கதையைக் கேட்டுச் சிரித்தார்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
தையல் இழுத்ததால்.
"எனக்குக் கத்தி, ஒங்களுக்குக் களிம்பா?
வாங்க, குடலை மாத்திக்குவோம்."

கொப்பியில் கோடு கிழித்துத் தந்திருக்கிறார்கள்.
போன தடவை: எட்டு. ஏழு. ஏழு. நாலு.
இரத்தம்: கொஞ்சம். கொஞ்சம். இல்லை. கொஞ்சம்.
புகை: சைபர், சைபர், சைபர், சைபர்.
பள்ளிக்கூடத்திலும் நான்
இத்தனை வட்டமாக எதையும் எழுதியதில்லை.

கடைசி ட்ரிப். பஸ் காலி.
பனி ரோட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.
ட்ரைவர் அருள்ராஜ் ஒன்று பற்றவைக்கிறார்.
காசு எண்ணுகிற சாக்கில்
அவருக்குப் பின் சீட்டில் போய் உட்காருகிறேன்.
"ஜன்னலைத் திறக்கவா?" என்கிறார்,
என் வியாதி தெரிந்தவர்.

குளிருது, மூடியே இருக்கட்டும் என்கிறேன்.

இதற்குக் கொப்பியில் கட்டம் இல்லை.