கூர்க்க அரைக்கிலோ

அரிசி மூட்டையை நான் தொட்டே சொல்வேன்.
மேலே எத்தனை தவிடு பரப்பியிருந்தாலும்
கம்பியைக் குத்தி இழுத்தால்
நுனியில் நாலு மணி ரேஷன் அரிசி
ஒட்டிக்கொண்டு வரும்.
மூன்று வருடமாய்க் களியக்காவிளைச் செக்போஸ்டில்
இதுதான் வேலை.

இன்று சந்தையில், சாக்கு விரித்து, இரண்டு குவியல்.
இரண்டிலும் மண். இரண்டிலும் முண்டும் முடிச்சும்.

என் அறையில் இருக்கும் பிரசன்னகுமாரி,
நர்ஸ், திருச்சூர்க்காரி,
காலையில் நெய்யாற்றின்கரை பஸ்ஸின் படியில் நின்று
கத்திவிட்டுப் போனாள்:
"கூர்க்க வாங்கி வை, அரைக்கிலோ.
சேம்பு எடுக்கண்டா, கேட்டோ!"

எங்கள் தர்மபுரிப் பக்கம்
கிழங்கென்றால் மரவள்ளி.
லாரியில் ஏறும், மில்லுக்குப் போகும்,
யாரும் பேர் கேட்பதில்லை.

"கூர்க்க எதும்மா?"
கனகபாய் நிமிரவில்லை.
"இங்க அதுக்குப் பேரு சிறுகிழங்கு."
"சரி, சிறுகிழங்கு எது?"
"சிறுசா இருக்கது."
இரண்டிலும் சிறுசு இருந்தது.
என் காக்கிப் பேன்ட்டைப் பார்த்து
பக்கத்துக் கடைக்காரர்
தராசை நேராக்கினார்.
இன்னொரு தரம் கேட்க வெட்கம்.
நல்ல உருண்டையாய்ப் பார்த்துப் பொறுக்கினேன்.

தோல் சீவும்போதே கத்தி வழுக்கியது.
தேங்காய்ப் பல் கீறிப் போட்டு
வதக்க வதக்க நூல் விட்டது.

மூடியைத் திறந்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "இதை வச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்றாள்.
சேம்பின் உடம்பில் வளையம் வளையமாய் நார் ஓடுமாம்.
கூர்க்கையை நகத்தால் கீறினால்
ஈர மண்ணோடு ஒரு வாசனை வருமாம்,
அந்த வாசனைக்கு அவளிடம் சொல் இல்லை,
மூக்கைச் சுருக்கிக் காட்டினாள்.
ஆனாலும் மோரை ஊற்றி
சட்டியை வழித்துத் தின்றாள்.

இரவு பதினொன்றரை, டியூட்டி.
தார்ப்பாய் போர்த்திய லாரி, திண்டுக்கல் நம்பர்.
பர்மிட்டைப் பிரித்தபடி
புறங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.
டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.
"சேம்பு நறுக்குனீங்களா மேடம்?
புளி வச்சுத் தேய்ங்க, போயிரும்."

காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
"உள்ள என்ன?"
"உருளை, மேடம்."

கம்பியை எடுத்தேன்.
அதை மேசையிலேயே வைத்துவிட்டு
பின்பக்கம் போய், ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து
கையை விட்டேன்.