ஈரப்பதம்

சம்மாந்துறை மில்லில்
இருபது வருசமாய் நெல் நிறுக்கிறவன் நான்.
சோற்றை விட்ட பத்தாம் நாள், லொறி வருமுன்
செருப்பைக் கழற்றிவிட்டு
மூட்டைத் தராசில் ஏறினேன்.
நாலு கிலோவைக் காணவில்லை.

லோடிங் இர்பாஸ் முள்ளைத் தட்டிப் பார்த்தான்.
"இவ்வளவு சுருக்காவா?"
அன்று அவனும் பாணை விட்டான்,
பகல் பன்னிரண்டு மணி வரைக்கும்.

கிளினிக்கில் மிஸி சிரிக்கவில்லை.
ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் மாச்சத்து
சேமிப்பில் கிடக்குமாம்,
தன் பாரத்தைப்போல் மூன்று மடங்கு
தண்ணீரைக் கட்டிப்பிடித்தபடி.
சோறு நின்றால் முதலில் செலவாவது அதுதான்.
"உங்கட நாலில கூடுதலானது தண்ணி"
என்றுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

எனக்குத் தெரியாததா?
பெரும்போக நெல் மெசினில் வெட்டி ஈரத்தோடு வரும்.
ஈரமானி இருபத்திரண்டு காட்டினால்
விலையைக் குறைத்துச் சொல்கிற வாய் என்னுடையது.
களத்தில் இரண்டு வெயில் பட மூட்டை இளைக்கும்.
ஒரு மணி நெல்லும் குறைந்திராது.

மறுகா மூன்று கிழமை
தராசு மாடு மாதிரிப் படுத்துவிட்டது.
கல்முனைப் பாரை, அவித்த முட்டை,
பாணி ஊற்றாத எருமைத்தயிர், பொன்னாங்காணிச் சுண்டல்.
றிபாயா பீங்கானின் நடுவை வெறுமையாய் விட்டுக்
கறிகளை ஓரத்தில் வைத்தாள்,
யாரோ வந்து இருக்கப்போவதுபோல.
மில் முழுக்க நெல் அவியும் வாசம்.
உதட்டில் தவிட்டுத் தூசி.
நக்கினேன். இனித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை
ஆணியைச் சுட்டு பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.
கணக்கெழுதும் தவநேசன் சோற்றை விடவில்லை,
பாதியாக்கினான், பின்னேரத் தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினான்;
அவனும் அதே ஆணியை இரவல் கேட்டான்.

"கொழுப்பு வேர்வையாப் போறல்ல வாப்பா,
கூடுதலா மூச்சாத்தான் போகுது"
உயிரியல் புத்தகத்தை மூடாமலே மகள் சொன்னாள்.
அன்றிரவு நித்திரை இல்லை.
ஒவ்வொரு மூச்சையும்
விற்ற மூட்டைபோல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
றிபாயா திரும்பிப் படுத்தாள்:
"குறட்டையும் குறைஞ்சிட்டு."

பிறகு மருமகனின் வலீமா.
சகனைச் சுற்றி ஐந்து கை.
என் பக்கத்து மூலை மட்டும் அசையாமல் இருந்தால்
மற்ற நாலு பேரும் எப்படிச் சாப்பிடுவது?
சாப்பிட்டேன். வட்டிலப்பமும்.

திங்கட்கிழமை தராசில் இரண்டு கிலோ கூட.
இர்பாஸ் ஒன்றும் கேட்கவில்லை.
ஈரமானியை எடுத்து என் வயிற்றில் வைத்தான்.
"காயல்ல காக்கா,
இன்னும் ரெண்டு வெயில் வேணும்."

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது.